தோரியம் யுரேனியமாவது எங்ஙனம்?

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் கனிமம் உள்ளது. 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கடற்கரையில் இதனைக் கண்டறிந்தார். அந்நாளில் அதிலிருந்து கிடைத்த தோரியம் காஸ் விளக்கின் மேண்டிலுக்கே பயன்பட்டது. அதே தோரியத்தைக் கொண்டு அணு உலைக்கு எரிபொருள் ஆக்க இயலும் என்பது எதனால்? விடை அணுவின் அமைப்பில் உள்ளது.

ஓர் அணு எந்தத் தனிமத்தைச் சார்ந்தது என்பதை அதன் உட்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே உறுதி செய்கிறது. இதுவே அணு எண். புரோட்டான்கள் எத்தனையோ அத்தனை எலெக்ட்ரான்கள் வெளியே அமைகின்றன; அவற்றின் அமைப்பைப் பொறுத்தே வேதியியற் பண்புகள் ஏற்படுகின்றன. எடையை அளவுகோலாகக் கொண்டால் குழப்பமே மிஞ்சும். கோபால்ட்டின் அணு எடை நிக்கலினுடையதைவிடச் சற்று மிகுதி. ஆயினும் அதன் அணு எண் 27, நிக்கலினுடையது 28. எக்ஸ்-கதிர் ஆய்வினால் 1913-இல் இவ்வரிசையைத் தெளிவாக்கியவர் மோஸ்லி. இரண்டே ஆண்டுகளில் அவர் போர்க்களத்தில் மாண்டது அறிவியலுக்குப் பேரிழப்பு.

நியூட்ரான் எண்ணிக்கை மாறினால் தனிமம் மாறுவதில்லை, ஐசோடோப்பே மாறுகிறது. இயற்கை யுரேனியத்தில் சுமார் 0.7 விழுக்காடே யுரேனியம்-235. எஞ்சியதில் ஏறத்தாழ முழுவதும் யுரேனியம்-238. இரண்டிலும் 92 புரோட்டான்களே இருப்பதால் சாதாரண வேதியியல் முறையில் இவற்றைப் பிரித்தெடுக்க வழியில்லை. எடையிலுள்ள சிறு வேறுபாட்டை நம்பிப் பெருஞ்செலவில் செறிவூட்டவேண்டியுள்ளது.

தோரியத்தின் நிலை வேறு. தோரியம்-232-இல் 90 புரோட்டான்கள், 142 நியூட்ரான்கள். உலையில் ஒரு நியூட்ரானை ஏற்றதும் அது தோரியம்-233 ஆகிறது. பெயர் இன்னும் தோரியந்தான். பின்னர் உட்கருவிலுள்ள நியூட்ரான் ஒன்று எலெக்ட்ரானை வெளியேற்றித் தானே புரோட்டானாகிறது. எண்ணிக்கை 91 ஆனவுடன் அது புரோடாக்டினியம். இம்மாற்றத்தின் அரை ஆயுள் சுமார் 22 நிமிடங்கள். மறுமுறையும் அவ்வாறே நிகழ, 92 புரோட்டான்கள் கொண்ட யுரேனியம்-233 உருவாகிறது. இந்த இரண்டாம் மாற்றத்தின் அரை ஆயுள் சுமார் 27 நாட்கள். யுரேனியம்-233 எளிதில் பிளவுறும். தோரியமும் யுரேனியமும் வெவ்வேறு தனிமங்களாதலின், இதனை வேதியியல் முறையிலேயே பிரித்துவிடலாம். பொருளாதார நோக்கில் இது சிறிய நன்மையன்று.

யுரேனிய வளம் குறைந்தும் தோரிய வளம் மிகுந்தும் உள்ள நம் நாட்டுக்கு ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டம் இதனை அடிப்படையாகக் கொண்டதே. தோரியம் தானாகப் பற்றிக்கொள்ளாது. அதற்கு நியூட்ரான் ஊட்ட வேறோர் எரிபொருள் தேவை. எனவேதான் இயற்கை யுரேனிய உலைகள் முதற்கட்டமாகவும், அவற்றில் விளையும் புளூட்டோனியத்தை எரிக்கும் ஈனுலைகள் இரண்டாம் கட்டமாகவும் வைக்கப்பட்டன.

கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய காமினி என்னும் 30 கிலோவாட் ஆய்வு உலையின் எரிபொருள் யுரேனியம்-233 ஆகும். மின்சாரம் தரும் உலையன்று அது. நியூட்ரான் படப்பதிவு போன்ற ஆய்வுகளுக்கானது. இவ்வெரிபொருளைப் பேரளவில் கையாள்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. யுரேனியம்-233 உருவாகும்போது உடன் தோன்றும் சிறிதளவு யுரேனியம்-232-இன் வழித்தோன்றல்கள் கடுமையான காமாக் கதிர்களை வெளியிடுகின்றன. அதுவும் யுரேனியமேயாதலால் வேதியியல் இங்குக் கைகொடுப்பதில்லை. தடித்த காப்புச் சுவர்களுக்கு அப்பாலிருந்து, தொலைவியக்கக் கருவிகளைக் கொண்டே எரிபொருளைத் தயாரிக்கவேண்டியுள்ளது.