ஓவியர் வாரியாகப் படம் சேர்ப்பவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

போன மாதம் திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில், பழைய பேப்பர் கடைத் தராசில் ஒரு பைண்டு வால்யூம் ஏறுவதைப் பார்த்தேன். பள்ளிக்கூட நோட்டுகளுக்கு நடுவில் கிடந்தது. சிவப்புத் துணி முதுகு, மூலைகளில் கரையான் தின்ற தடம். புரட்டினால் 'தில்லானா மோகனாம்பாள்', விகடனில் வந்தபடியே, கோபுலு படங்களோடு. எடைக்கு மேல் கொஞ்சம் கொடுத்து வாங்கிவந்துவிட்டேன். யாரோ ஒரு அம்மாள் வாராவாரம் பக்கம் பிரித்து, அடுக்கி, பைண்டிங்குக்குக் கொடுத்த உழைப்பு அது. இப்படி ஒன்று உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் போகிமான் கார்டு சேர்த்தால் ஒன்றை வாங்கிப் பாருங்கள். அடியில் பொடி எழுத்தில் வரைந்தவர் பெயர் இருக்கும். 1996-ல் ஜப்பானில் தொடங்கிய அந்தக் கார்டுகளை அதனால்தான் ஓவியர் வாரியாகப் பிரித்து ஆல்பம் போடுகிறார்கள். மித்சுஹிரோ அரிதா வரைந்தவை ஒரு ஆல்பம், களிமண்ணில் பொம்மை செய்து படமெடுக்கும் யூகா மோரி இன்னொரு ஆல்பம். நம் வாரப் பத்திரிகைப் படங்களையும் அப்படித் தொகுக்கலாம். நம்மவர்களும் மூலையில் கையெழுத்துப் போட்டுத்தான் வரைந்தார்கள். ஆனால் கார்டு கெட்டி அட்டை, நம்முடையது மக்கித் தூளாகும் தாள். அதனால் கீழே சொல்வதை இன்றைக்கே தொடங்குங்கள்.

செய்ய வேண்டியவை

ஒரே ஓவியரில் தொடங்குங்கள். எல்லோரையும் சேர்க்கப் போனால் ஆறு மாதத்தில் பீரோ நிறைந்துவிடும், எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்வது கோபுலு. 1924-ல் தஞ்சாவூரில் பிறந்தவர், கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். கோபாலன் என்ற பெயரைக் கோபுலு ஆக்கியவர் விகடன் ஓவியர் மாலி. பிற்காலத்தில் வலது கை செயலிழந்தபோது இடது கையால் வரைந்தவர். அந்த இடது கைப் படங்களை மட்டும் தேடிச் சேர்த்தாலே ஒரு நல்ல தொகுப்பு ஆகும்.

ஓவியருக்குள் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோபுலு என்பது கடல். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' நாகஸ்வர உலகம். சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' அமெரிக்காவில் நடக்கும் நம் வீட்டுக் கல்யாணம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே கை குடுமியை எப்படி வரைகிறது, கோட்டு சூட்டை எப்படி வரைகிறது என்று தெரியும். சில்பி என்றால் 'தென்னாட்டுச் செல்வங்கள்' கோயில் சிற்பங்கள். மாருதி என்றால் பெண் முகங்கள். ஆதிமூலம் என்றால் ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குப் போட்ட கோடுகள்.

நாளையும் இதழையும் தேடிக் குறியுங்கள். வீட்டில் பைண்டு செய்தவர்கள் தொடர்கதைப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அட்டையைத் தூக்கிப்போட்டிருப்பார்கள், தேதி அட்டையோடு போயிருக்கும். அப்படியானால் பக்கத்தின் பின்புறத்தைப் படியுங்கள். பொங்கல் வாழ்த்து விளம்பரமோ, ரிலீஸ் ஆகப்போகும் சினிமாவின் பெயரோ இருந்தால் வருஷமும் மாதமும் கிடைத்துவிடும்.

பைண்டரிடம் "கட்டிங் போடாதீங்க" என்று சொல்லிக் கொடுங்கள். விளிம்பு நேராக இருக்கட்டும் என்று மெஷினில் வைத்து அரை விரல் சீவிவிடுவார்கள். ஓவியர் கையெழுத்து பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். நான் வாங்கிவந்த வால்யூமில் ஒரு பக்கத்தில் 'கோபு' மட்டும் மிச்சம், 'லு' கத்திக்குப் போய்விட்டது. சொல்வதோடு நிறுத்தாமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முதல் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள், கடையில் வேலை செய்கிறவர் வேறொருவராக இருப்பார்.

ஸ்டேப்ளர் பின்னை எடுத்துவிடுங்கள். துரு முதலில் பின்னைச் சுற்றி ஒரு வட்டம் போடும், பிறகு தாள் அந்த வட்டத்தோடு கழன்றுவிடும். பின் கால்களைக் கத்தி முனையால் மெல்ல நிமிர்த்திவிட்டு, பின்னாலிருந்து தள்ளி எடுங்கள். இழுக்க வேண்டாம். எடுத்த இடத்தில் வெள்ளை நூலால் தைத்தால் போதும்.

பென்சிலால் எழுதுங்கள். ஓவியர் பெயர், பத்திரிகை, தேதி, பக்கம், யாரிடமிருந்து வந்தது. பால்பாயிண்ட் மை நாலு மழைக்காலத்தில் மறுபக்கத்துக்கு ஊறிவிடும்.

தனித்தாளைப் பாலிப்ரொப்பிலீன் கவரில் போடுங்கள். பிள்ளைகள் கார்டு வைக்கும் ஒன்பது பாக்கெட் ஷீட்டும் நல்ல தயாரிப்பாக இருந்தால் அந்தப் பிளாஸ்டிக்தான். கார்டு அளவு 63-க்கு 88 மில்லிமீட்டர், அதில் தீப்பெட்டி லேபிள்கள் அழகாக உட்காரும். பத்திரிகைப் பக்கத்துக்கு ஏ4 கவர் வாங்குங்கள்.

பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வந்து ஒரு வாரத்தில் நம் வீட்டுச் சுவர் அடியில் ஈரம் ஏறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள்.

வசம்பைப் பொடித்துத் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வையுங்கள். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரம் சேர்த்துப் பொடித்து முடிச்சாகக் கட்டி வைத்து ஓலைச்சுவடிகளைக் காப்பாற்றிவந்திருக்கிறார்கள். பொடி நேராகத் தாளில் படக்கூடாது, கறை விழும். ராமபாணப் பூச்சி ஏற்கெனவே உள்ளே இருந்தால் இது போதாது, எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தட்டி, தட்டைத் துடைத்துக் காயவிட்டுத்தான் திரும்ப அடுக்க வேண்டும்.

மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள். காலை நிழல் வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடியுங்கள். ஃபைலுக்கு ஓவியர் பெயரும் தேதியும் வையுங்கள். 1985-ல் சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது அங்கிருந்த பழைய புத்தகக் கடைகளும் சாம்பலாயின. அப்படிப் போனவற்றுக்கு யாராவது நகல் எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு.

பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். "இது யார் வரைஞ்சது பாட்டி?" என்று ஒரு படத்தைக் காட்டினால் போதும். கையெழுத்து இல்லாத படத்தைக்கூட மூக்கையும் புருவத்தையும் பார்த்தே வர்மா, வினு, லதா என்று சொல்லும் வாசகிகள் நம் அக்ரகாரத்திலும் கீழத்தெருவிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு, கையெழுத்து உள்ள படத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

செய்யக்கூடாதவை

படத்தை மட்டும் கத்தரிக்காதீர்கள். கதையில் அந்த இடம் எது, தேதி என்ன, பின்பக்கம் என்ன எல்லாம் கத்தரிக்கோலோடு போய்விடும். முழுப் பக்கமாக வையுங்கள், முடிந்தால் முழு இதழாக.

'பொன்னியின் செல்வன்' படம் என்றாலே மணியம் என்று எழுதிவிடாதீர்கள். 1950 அக்டோபர் 29-ல் கல்கியில் தொடங்கியபோது வரைந்தவர் மணியம். பின்னால் கல்கியே அதை மறுபடி மறுபடி வெளியிட்டபோது வினு, பத்மவாசன் என்று வேறு கைகள் வந்தன. மணியத்தின் மகன் மணியம் செல்வன், 'ம.செ.' என்று அறியப்படுபவர், அவரும் பெரிய ஓவியர். ஒரே வந்தியத்தேவன், குதிரையும் தலைப்பாகையும் ஆளுக்கு ஆள் மாறும். மணியம் 1968-லேயே காலமாகிவிட்டார், எனவே பக்கத்தின் பின்னால் எழுபதுகளின் விளம்பரம் இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள், பழைய படத்தை மறுபடி அச்சிட்டதாகவும் இருக்கலாம்.

அத்தியாய எண்ணை வைத்து வாரத்தைக் கணக்குப் போடாதீர்கள். 'பொன்னியின் செல்வ'னில் 293 அத்தியாயங்கள், ஓடியதோ மூன்றரை வருஷம். ஒரே இதழில் ஒன்றுக்கு மேல் வந்த வாரங்கள் உண்டு.

செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டு கோடையில் பழுப்பாகும், பசை மட்டும் தங்கும், அதை எடுக்கப் போனால் படமும் வரும். கிழிசலை அப்படியே கவருக்குள் வைத்தால் போதும்.

லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டியதை யாராலும் பிரிக்க முடியாது. உள்ளே இருக்கும் தாள் தன் பாட்டுக்குப் பழுப்பேறிக்கொண்டுதான் இருக்கும்.

பளபளவென்று பிளாஸ்டிக் வாசனை அடிக்கும் மலிவு ஆல்பத்தை வாங்காதீர்கள். அது பி.வி.சி., வெயில் காலத்தில் கசிந்து அச்சு மையைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். பாச்சை உருண்டையையும் பிளாஸ்டிக் கவர்களோடு சேர்த்து வைக்காதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

நெல் மூட்டை, குதிர் இருக்கும் அறையில் வைக்காதீர்கள். எலி நெல்லுக்கு வரும், கூடு கட்டத் தாளைக் கடிக்கும்.

நெல்லுக்கு வைக்கும் விஷ மாத்திரையைப் புத்தக பீரோவில் ஒருநாளும் வைக்காதீர்கள். நம் ஊரில் அது கைக்கெட்டும் பொருளாக இருப்பதால் சொல்கிறேன். ஈரக்காற்று பட்டதும் பாஸ்பீன் என்ற வாயு கிளம்பும், மூடிய அறையில் தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும். பூச்சி தின்ற பக்கத்துக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

வெயிலில் காய வைக்காதீர்கள். சாயம் ஒரே மத்தியானத்தில் வெளுக்கத் தொடங்கும், தாள் நொறுங்கும். தை அறுவடைத் தூசி அடங்கியபின், காற்றோட்டமுள்ள கூடத்தில் நிழலில் பிரித்து வையுங்கள்.

தரையில் டிரங்குப் பெட்டி வைக்காதீர்கள். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். ஒரு ஐப்பசி மழையில் கொல்லைப்புறத் தண்ணீர் இரவோடு இரவாக அறைக்குள் வந்தது. நாலு விரல் உயரம்தான், ஆனால் பெட்டியின் அடித்தட்டில் தீபாவளி மலர்கள். சாதாரணத் தாளில் அச்சான வார இதழ்கள் மின்விசிறிக் காற்றில் காய்ந்து சுருங்கினாலும் பிழைத்தன. மலர்கள் வழவழப்பான ஆர்ட் பேப்பர். காயட்டும், பிறகு பிரிக்கலாம் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் எடுத்தால் செங்கல். கத்தியை நுழைத்ததும் ஒரு அம்பாளின் முகம் இந்தப் பக்கமும் கிரீடம் அந்தப் பக்கமுமாகப் பிரிந்துவந்தது. ஆர்ட் பேப்பர் நனைந்தால் ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் மெழுகுத்தாளோ பாலிதீனோ நுழைத்துவிட வேண்டும். அன்றைக்கே முடியாத அளவு இருந்தால் கவரில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பிரிக்கலாம். எனக்கு இது அப்போது தெரியாது.

"ஒரிஜினல் கோபுலு" என்று யாராவது விலை சொன்னால் அன்றே பணம் கொடுக்காதீர்கள். பூதக்கண்ணாடியில் பாருங்கள். வண்ணம் பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சு. வெறும் கோட்டோவியம் என்றால் அச்சிலும் புள்ளி இராது, ஏமாறுவது அங்கேதான். பென்சில் அடிக்கோடு, தப்பை மறைத்த வெள்ளை மை, அச்சுக்கூடத்துக்கு ஓரத்தில் எழுதிய அளவுக் குறிப்பு இவை இருக்கின்றனவா என்று தேடுங்கள். விற்பவர் தேட விடாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

போட்டோ எடுத்த படங்களை அச்சிட்டு விற்காதீர்கள். நம் சட்டப்படி ஓவியர் காலமாகி 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. சொந்தமாகப் பார்த்து ரசிக்கத் தடையில்லை.

பட்டியல் இல்லாமல் நூலகத்துக்கு அள்ளிக்கொண்டு போகாதீர்கள். முதலில் என்னென்ன இருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994-ல் தொடங்கியதே கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்த சுமார் ஒரு லட்சம் புத்தகங்கள், இதழ்கள், நோட்டீஸ்களைக் கொண்டுதான். அவரும் விளம்பரப் பலகை வரைந்த ஓவியர்.

பரணில் இருப்பதைப் பிரித்துப் பார்க்காமல் எடைக்குப் போடாதீர்கள். இன்று சாயங்காலம் ஏணி போட்டு இறக்குங்கள். முதுகைப் பிடித்துத் தூக்கினால் துணி கையோடு வந்துவிடும், கீழட்டைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து எடுங்கள். பாயை விரித்து அதன்மேல் வையுங்கள். முதல் பக்கத்தின் வலது கீழ் மூலையைப் பாருங்கள்.