திரைக்கு முன்னால் எத்தனை பேர்?

பயனர் அனுபவ வடிவமைப்புக்கு மானுடவியல் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, ‘பயனர்’ என்று ஒருமையில் நினைப்பதை விடுங்கள் என்பதுதான். நம் ஊர்ப்பக்கம் போன் குடும்பச் சொத்து. இணைப்பு அப்பா பெயரில் இருக்கும், ஓடிபி மகனுக்கு வரும், பணம் அம்மா கணக்கில் ஏறும். ஒருவரைத் தனியே உட்காரவைத்துப் பேட்டி எடுத்தால் இந்த ஏற்பாடு வெளியே வராது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி வட்டாரத்தில் நடத்திய கிராம அறிவு மையங்களைப் பாருங்கள். வீராம்பட்டினத்தில் அலை உயர முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மீனவர் கணினியைத் தொடவே வேண்டாம். கை வலையில் இருக்கும்போதே செய்தி காதில் விழுந்துவிடும். 2004 சுனாமியன்று சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கையை நல்லவாடு ஊர் முழுக்கக் கேட்கச் செய்ததும் இப்படிப்பட்ட ஒலிபெருக்கிதான். திரையை எத்தனை அழகாக்கியிருந்தாலும் அது நடந்திருக்காது.

“அதெல்லாம் படிக்காதவர்களுக்கு” என்பார்கள். ஆனால் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் மானுடவியலாளர் லூசி சக்மன் எடுத்த படத்தில், நகல் எடுக்கும் இயந்திரத்தின் முன் திணறியவர்கள் தேர்ந்த கணினி விஞ்ஞானிகள். அந்த ஆய்விலிருந்து 1987-இல் வந்த புத்தகம் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. பத்துப் பேரைப் பார்த்து என்ன தெரியும், லட்சம் பேரின் பதிவுகள் சர்வரில் இருக்கின்றனவே என்பது இன்னும் வலுவான கேள்வி. எந்தப் பக்கத்தில் ஆட்கள் விலகினார்கள் என்று பதிவு சொல்லும், சரிதான். ஆனால் ஓடிபி வைத்திருக்கும் மகன் இரவு ஷிப்டில் இருந்ததால் அம்மா விலகினார் என்று சொல்லாது. எதை எண்ண வேண்டும் என்பதையே களம்தான் காட்டுகிறது. எண்ணும் வேலையைப் பிறகு சர்வர் பார்த்துக்கொள்ளட்டும். என்னை உண்மையில் யோசிக்கவைக்கும் ஆட்சேபம் வேறு. ‘தமிழர்கள் இப்படித்தான்’ என்று பண்பாட்டை முத்திரையாகக் குத்திவிடும் ஆபத்து அது. ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் அந்தத் தெருவின் குரலை ஊரின் குரலாக எழுதிவிடுவோம். அறிவு மையம் எல்லாச் சாதியினரும் வந்துபோகக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்று சுவாமிநாதன் நிறுவனம் நிபந்தனை வைத்தது இதனால்தான். எங்கே உட்கார்ந்து கேட்கிறோம் என்பதும் ஆய்வின் பகுதி.

கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் செயலி செய்யும் மாணவருக்குக் களம் தேடி அலைய வேண்டியதில்லை. பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைகள், அதைத் தாண்டினால் ராஜபாளையம் நூற்பாலைகள், சற்றுத் தள்ளிச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள். கடையில் பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி ஏன் பேசுகிறது என்று நின்று பாருங்கள்: கை தராசில், கண் அடுத்த ஆளிடம், காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. “இந்தச் செயலியைப் பயன்படுத்துவீர்களா?” என்று கேட்காதீர்கள், வந்தவர் மனம் நோகக் கூடாதென்று எல்லோரும் ஆமாம் என்பார்கள். நேற்று கூலி எப்படிக் கைக்கு வந்தது, யார் கணக்கு எழுதினார், சந்தேகம் வந்தபோது யாரைக் கூப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். பற்று நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதன் ஓரத்தில் கிறுக்கியிருப்பவை உங்கள் படிவத்தில் இல்லாத கட்டங்கள். நோட்டை உடனே ஒழிக்கவும் நினைக்காதீர்கள். தபன் பாரிக் தமிழக மகளிர் குழுக்களோடு செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில் காகிதப் படிவம் தொடர்ந்து இருந்தது. கேமரா போன் அதில் அச்சிட்ட குறியீடுகளைப் படித்தது. குழு நடுவில் எல்லோரும் பார்க்க எழுதிய தாளை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதே கணக்கு ஒருவர் போனுக்குள் போய்விட்டால், மற்றவர்கள் அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.