பிழை பிடிக்கத் தெரிந்தவருக்கு இடம் இருக்கிறது

லண்டன் ஈஸ்ட் ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நார்த் கடைகளில் கல்லாவில் நிற்கும் பிள்ளைகளில் கணினி படித்தவர்கள் பலர். நேர்காணலுக்குப் போனால் "இங்கே வேலை செய்த அனுபவம் உண்டா?" என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். வேலை கிடைத்தால்தானே அனுபவம் வரும்? இந்தச் சிக்கலில் மாட்டியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் அடித்துச் சொல்லும் வழி ஒன்று உண்டு. கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றில் வழு (bug) நீக்குகிறவர்களோடு சேருங்கள். சம்பளம் கிடையாது. ஆனால் நீங்கள் செய்த ஒவ்வொன்றும் உங்கள் பெயரோடும் தேதியோடும் எவரும் பார்க்கும்படி இருக்கும்.

"எனக்குக் கோடிங் அவ்வளவாக வராதே" என்று தயங்க வேண்டாம். லிப்ரேஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் ஓப்பன்ஆபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்த இந்தத் திட்டத்தின் வழுப் பதிவேடான பக்ஸில்லாவில் யார் வேண்டுமானாலும் புகார் பதியலாம். பதிந்த புகார் இன்னொருவர் தன் கணினியில் செய்து பார்க்கும் வரை 'உறுதிப்படாதது' என்றே கிடக்கும். அதைச் சரிபார்த்து "எனக்கும் இப்படித்தான் வருகிறது" என்று எழுத ஆள் தேவை. அங்கிருந்து தொடங்குங்கள்.

தமிழ் வாசிக்கத் தெரிந்தவருக்கு இங்கே தனி மதிப்பு. ஒரு தமிழ் ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கினால் திரையில் சரியாகவே தெரியும். அதிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கொம்பு இடம் மாறிக் குதறிப்போகும். இதைத் தமிழறியாத நிரலாளர் எத்தனை முறை பார்த்தாலும் கண்டுகொள்ள மாட்டார். நீங்கள் ஒரு நொடியில் கண்டுபிடிப்பீர்கள்.

கண்டுபிடித்ததும் எழுத உட்காராதீர்கள். முதலில் அதே வழு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு உதவிப் பட்டியிலிருந்து மென்பொருளைப் பாதுகாப்பு முறையில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கோளாறு உங்கள் அமைப்புகளில் இருக்கலாம். அப்போதும் வழு நின்றால் பதிப்பு எண், எந்த இயங்குதளம், எந்த எழுத்துரு, என்னென்ன செய்தீர்கள், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்று வரிசையாக எழுதி, ஒரு மாதிரிக் கோப்பையும் இணையுங்கள். வீட்டில் இருக்கும் கோயில் நோட்டீஸையோ கல்யாணப் பத்திரிகையையோ அப்படியே ஏற்றிவிடாதீர்கள். அந்தப் பக்கம் உலகத்துக்கே திறந்தது. பெயரும் தொலைபேசி எண்ணும் நீக்கி, வழு தெரியும் இரண்டு வரியை மட்டும் வையுங்கள்.

அடுத்த படி எனக்கு மிகவும் பிடித்தது. முந்தைய பதிப்பில் சரியாக இருந்து புதியதில் கெட்டுப்போன வழு என்றால், எந்த மாற்றத்தில் கெட்டது என்று தேட வேண்டும். இதற்கென்றே லிப்ரேஆபீஸில் 'பிபிசெக்ட்' என்ற முறை உண்டு. ஏற்கெனவே கட்டித் தயாராக இருக்கும் பதிப்புகளின் வரிசையை இறக்கிக்கொண்டு, நடுவில் ஒன்றைத் திறந்து பார்த்து 'நல்லது' அல்லது 'கெட்டது' என்று சொல்ல வேண்டும். மீதியில் பாதி கழன்றுவிடும். ஆயிரம் பதிப்புகள் இருந்தாலும் ஏறத்தாழ 10 சோதனையில் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியதில்லை. திருத்தப் போகிறவருக்கு இது மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

நிரல் எழுத விரும்புகிறவர்கள் 'ஈஸிஹாக்' என்று குறியிட்ட வழுக்களைத் தேடலாம். புதியவர்களுக்கென்றே ஒதுக்கியவை அவை. பைத்தான் தெரிந்தவர்களுக்கு முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்த ஓப்பன்-தமிழ் என்ற நிரல் நூலகம் இருக்கிறது. பைத்தானிடம் 'தொழில்' என்ற சொல்லின் நீளம் கேட்டால் 6 என்று சொல்லும். உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிவிடுகிறது. நம் கணக்கில் மூன்றே எழுத்து. அப்படி எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தருவது அந்த நூலகத்தின் அடிப்படை வேலைகளில் ஒன்று.

தனியாகச் செய்தால் இரண்டாம் வாரமே சலித்துவிடும். பார்க்கிங் ரோட்டில் டவுன் ஹாலை ஒட்டிய நூலகத்தில் மூன்று நான்கு பேராக ஒரு மேசையைப் பிடியுங்கள். ஒருவர் புகாரை வாசிக்க, இன்னொருவர் விண்டோஸிலும் மற்றொருவர் லினக்ஸிலும் சோதியுங்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் குழுவினர் புதிய பதிப்புக்கு முன்னால் வாரக்கடைசிகளில் இப்படித்தான் கூடி, வெளியீட்டைத் தடுக்கும் வழுக்களைத் தீர்க்கிறார்கள். 2023இல் கேம்பிரிட்ஜில் அவர்களுடைய சிறு மாநாடு நடந்தது. அப்படி ஒன்று மறுபடி அறிவிக்கப்பட்டால் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயிலில் லிவர்பூல் ஸ்ட்ரீட் போய் அங்கிருந்து வண்டி ஏறுங்கள்.

மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பட்டப்படிப்பு மாணவர்கள் வகுப்புத் தவணை நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். சம்பளமில்லாத வேலையிலும் சில வகை இந்தக் கணக்கில் சேரும். ஓர் அமைப்போடு ஒழுங்காக ஒப்புக்கொண்டு செய்வதாக இருந்தால் உங்கள் பல்கலைக்கழக வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சி.வி.யில் "கட்டற்ற மென்பொருளில் ஆர்வம்" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வழுவின் எண்ணையும் இணைப்பையும் போடுங்கள். நேர்காணலில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். மூத்தவர் ஒருவர் உங்கள் திருத்தத்தைத் திருப்பி அனுப்பியிருந்தால் அதையும் மறைக்காமல் காட்டி, அவர் கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள், அடுத்து எதை மாற்றி அனுப்பினீர்கள் என்று விளக்குங்கள்.