பாறை கூறும் விடுகதை

மலை அசையாது, கல் பேசாது என்பர். ஆயினும், உற்று நோக்குவார்க்குக் கல்லும் தன் வரலாற்றைக் கூறும். புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் சித்தன்னவாசல் என்னும் குன்று உள்ளது. அக்குன்றே சிறுவரை நோக்கி விடுகதை போடுவதாகக் கொள்வோம்:

தீயில் பிறந்தேன், தீயல்ல;
மழையில் கரைவேன், உப்பல்ல;
வயலாய் விரிவேன், பயிரல்ல;
மலையாய் நின்றேன், நான் யார்?

விடை பாறை என்பது எளிதில் விளங்கும். ஆனால், ஒவ்வோர் அடியிலும் ஓர் உண்மை அடங்கியுள்ளது.

நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பம் உண்டு. அங்கே உருகிய பாறைக் குழம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்து இறுகினால் கிரானைட் என்னும் பாறை தோன்றும். அது மீண்டும் வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் உட்பட்டு உருமாறினால் நைஸ் எனப்படும். இவ்வட்டாரக் குன்றுகள் பலவற்றில் வெளிறிய பட்டைகளும் கரிய பட்டைகளும் மாறி மாறி ஓடுவது இதனாலேயே. அவை 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. பாறை தீயில் பிறந்த கதை இதுவே.

மேலே கிடந்த பெருஞ்சுமை காலப்போக்கில் அரிக்கப்பட்டு நீங்கியதும், பாறை சற்றே விரிந்து, வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாகப் பிளக்கிறது. பிளவுகளில் மழைநீர் புகுகிறது. காற்றிலுள்ள கரியமிலவாயு கலந்திருப்பதால் அந்நீர் சிறிது அமிலத் தன்மை உடையது. பாறையிலுள்ள பெல்ஸ்பார் என்னும் கனிமம் அதனால் களிமண்ணாகிறது. குவார்ட்சு என்னும் கனிமமோ எளிதிற் கரையாது மணலாக எஞ்சுகிறது. இரும்புத்தாது மிகுந்து இறுகிய இடங்களில் செம்புராங்கல் உண்டாகிறது. வெள்ளாற்று மணலும் உழவர் உழும் மண்ணும் ஒருகாலத்தில் பாறையாய் இருந்தவையே.

இக்குன்றின்மீது ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை உள்ளது. அங்கே சமண முனிவர்க்கென வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகளும், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. அக்கல்வெட்டின் அகவை ஏறத்தாழ 2000 ஆண்டுகள். மனிதர்க்கு அது நெடுங்காலம். மலைக்கோ கண்ணிமைப் பொழுது.

வீடு கட்டவும் சாலை அமைக்கவும் கல் வேண்டும். ஆனால், கோடிக்கணக்கான ஆண்டுகள் நின்ற குன்றை வெடி சில நாளில் தகர்த்துவிடும். தகர்ந்த குன்று மீண்டும் வளராது. அதன்மேல் எழுதிய எழுத்தும் மீளாது. ஆதலின், எடுக்கத்தக்க கல் எது, காக்கத்தக்க கல் எது என்று பகுத்தறிதல் வேண்டும். அவ்வறிவுக்கு முதற்படி, காலடியில் கிடக்கும் கல்லைக் கையில் எடுத்து, "நீ யார்?" என்று வினவுதலே ஆகும்.

பயிற்சி

1. பாறை மண்ணாக மாறும் முறையை விளக்குக.
2. உங்கள் ஊரில் காணும் கல் ஒன்றைப் பற்றி நான்கு அடிகளில் விடுகதைப் பாட்டு இயற்றுக.