நிற்காமல் நகரும் கைப்பை

சென்னை விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை வரிசையில் பலமுறை நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவானது. நேரத்தை விழுங்குவது எக்ஸ்ரே இயந்திரம் அல்ல, தனியே ஒதுக்கப்படும் பைகள். ஒருவர் பையைத் திறந்து கிளறும்போது பின்னால் நிற்பவர்களும் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பையை ஏன் ஒதுக்குகிறார்கள்? திரையில் துணி, உணவு, காகிதம் ஆகியவை ஆரஞ்சு நிறத்திலும் உலோகம் நீல நிறத்திலும் தெரியும். லேப்டாப்பின் பேட்டரியும் சர்க்யூட்டும் அடர்த்தியானவை என்பதால் அடியில் இருப்பதை மறைத்துவிடும். சார்ஜர், வயர், எவர்சில்வர் டப்பா எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் படம் குழம்பும். அதனால் லேப்டாப்பையும் பவர் பேங்கையும் பையின் மேற்புறமே வைத்துக்கொண்டால், சட்டென்று எடுத்து ட்ரேயில் வைத்துவிடலாம். சாவி, சில்லறை, பெல்ட் ஆகியவற்றை வரிசையில் நிற்கும்போதே கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவது நல்லது.

பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால், சரக்கு அறையில் அதை உடனே அணைக்க ஆள் இருக்காது. கைப்பையில் 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு; 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணிதான். அதன் மேல் அச்சிட்ட எண் அழிந்திருந்தால் கேள்வி வரும்.

திரவங்களுக்கான கெடுபிடி, லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி 2006 ஆகஸ்டில் அம்பலமான பிறகு வந்தது. வெளிநாட்டுப் பயணத்தில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் கைப்பையில் கூடாது. பார்ப்பது பாட்டிலின் கொள்ளளவை; 200 மில்லி பாட்டிலில் பாதி ஷாம்பு இருந்தாலும் செல்லாது. அம்மா கட்டித்தரும் ஊறுகாயும் நெய்யும் கசியாமல் சுற்றிச் செக்-இன் பெட்டிக்குப் போகட்டும்.

விதிகள் சீசனுக்கு ஏற்பவும் மாறும். சபரிமலை பக்தர்கள் இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக 2024 அக்டோபரில் தற்காலிக அனுமதி தரப்பட்டது. அது 2025 ஜனவரி 20 வரைதான். புறப்படும் முன் விமான நிறுவனத்தின் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பேஸ்மேக்கரோ மூட்டு மாற்று உலோகமோ உடம்பில் உள்ளவர்கள், வாயிலில் நுழையும் முன்பே காவலரிடம் சொல்லிவிட்டால், அதற்கேற்ற முறையில் சோதிப்பார்கள். பெண்களைத் திரையிட்ட தடுப்புக்குள் பெண் காவலரே சோதிப்பார்.

சோதனை முடிந்ததும் ட்ரேயின் மூலைவரை பாருங்கள். கைக்கடிகாரத்தை விட்டுவிட்டது பிறகு நினைவுக்கு வந்தாலும் பதற வேண்டாம். கண்டெடுத்த பொருட்களின் பட்டியலை மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை தன் இணையதளத்தில் வெளியிடுகிறது.