மின்சாரக் காருக்கு மின்னேற்ற எவ்வளவு செலவாகும்?

இது கார் வைத்திருப்பவர்களுக்குரிய பாடம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் இடம்பெயர்ந்து வந்து உறவினர் வளவிலோ வாடகை வீட்டிலோ இருக்கும் குடும்பங்கள் பல, ஒரே மீற்றரைப் பகிர்ந்து கொள்கின்றன. அங்கே ஒருவருடைய வாகனத்துக்கு ஏற்றும் மின்சாரம் எல்லோருக்கும் பொதுவான பட்டியலில் சேர்கிறது. சரியான கணக்குத் தெரியாவிட்டால், இடம் தந்த குடும்பத்தோடு மனக்கசப்பு உண்டாகும்.

எரிபொருட் கணக்கு எமக்குப் புதியதல்ல. 1990களில் பெற்றோல் கிடைக்காதபோது யாழ்ப்பாணத்தில் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. 2022இல் எரிபொருள் பங்கீடு வந்தபோது ஒவ்வொரு லீற்றரையும் எண்ணிச் செலவழித்தோம். இப்போது அதே கணக்கை யூனிற்றில் பார்க்கப் பழகுவோம்.

1. எத்தனை யூனிற்?

1000 வாற் மின்னழுத்தியை ஒரு மணி நேரம் பாவித்தால் செலவாவது ஒரு யூனிற். நிசான் லீஃப் காரின் ஆரம்ப வகைகளில் உள்ள பற்றறி, புதிதாக இருக்கும்போது 24 யூனிற் கொள்ளும். பழசாகும்போது கொள்ளளவு குறையும். ஒரு யூனிற்றில் ஏறக்குறைய 6 கிலோமீற்றர் ஓடலாம்.

திருநெல்வேலியிலிருந்து பலாலிப் பக்கத்துத் தோட்டக் காணிக்குப் போய்வர 30 கிலோமீற்றர் என்று கொள்வோம். அதற்குப் பற்றறியில் 5 யூனிற் வேண்டும். மின்னேற்றும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாவதால் மீற்றரில் சுமார் 6 யூனிற் ஓடும். மாதம் பத்துத் தடவை போய்வந்தால் 60 யூனிற்.

2. என்ன விலை?

இங்கேதான் பலர் தவறுகின்றனர். வீட்டு மின்சாரத்துக்கு எல்லா யூனிற்றும் ஒரே விலையல்ல. பாவனை கூடக்கூட விலைப்படியும் ஏறும். மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் முதல் யூனிற்றுகளுக்குக்கூட வேறு விலை வரும்.

கணக்குப் பழகுவதற்காக மட்டும் சில விலைகளை எடுப்போம். 60 யூனிற்றுக்கு உட்பட்டால் யூனிற் 10 ரூபா. தாண்டினால் முதல் 60க்கு 15 ரூபா, அடுத்த 30க்கு 20 ரூபா, மிகுதிக்கு 30 ரூபா.

கார் வருமுன் வீட்டுப் பாவனை 50 யூனிற்: 500 ரூபா.
கார் வந்தபின் 110 யூனிற்: 900 + 600 + 600 = 2,100 ரூபா.
காருக்கான செலவு: 2,100 – 500 = 1,600 ரூபா.

சராசரி விலை பார்த்துப் பங்கிட்டால் காருக்கு 1,145 ரூபாவே வரும். முன்பு 500 ரூபா கட்டிய வீட்டார் 955 ரூபா கட்ட நேரிடும். அவர்கள் ஒரு விளக்கைத்தானும் கூடுதலாக எரிக்கவில்லை. ஆகவே காருக்கு உரியது பட்டியலில் கூடிய முழுத்தொகையாகும். நிலையான கட்டணமும் கூடியிருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

3. கவனிக்க வேண்டியவை

• உங்கள் மின்பட்டியலில் உள்ள விலைகளை வைத்தே கணக்கிடுங்கள். கட்டணம் அடிக்கடி மாறும்.
• இரவில் ஏற்றினால் மலிவு என்பது நேரத்துக்கேற்ற கட்டண முறைக்கு மாறிய இணைப்புகளுக்கே பொருந்தும். சாதாரண வீட்டு மீற்றருக்கு இரவும் பகலும் ஒரே விலைதான்.
• கார் ஏற்றும் இடத்தில் ஓர் உப மீற்றர் பொருத்தி, கொப்பியில் குறித்து வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.
• விளக்குக்குப் போட்ட பழைய வயரில் மணிக்கணக்காக ஏற்றினால் வயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். முதலில் மின்வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கலந்துரையாட:

1. மேலே கூறிய வீட்டுப் பாவனை 40 யூனிற்றாக இருந்தால், காருக்காகக் கொடுக்க வேண்டியது எவ்வளவு? (விடை: 1,400 ரூபா)
2. அயலவரின் மரக்கறியையும் அதே காரில் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டு சென்றால் செலவை எப்படிப் பங்கிடலாம்?
3. எமது வளவில் மின்பட்டியலை இப்போது எவ்வாறு பங்கிடுகிறோம்? அது எல்லோருக்கும் நியாயமானதா?