பிள்ளையைத் தாங்கும் கை

அன்பு மகளுக்கு,

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளராகச் சேர்ந்திருக்கிறாய் என்று உன் அப்பா சொன்னான். மகிழ்ச்சி அம்மா. வேலையில் நீ கால் ஊன்றும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட ஆசைப்படுகிறேன். உன் மேசைக்கு வரும் ஒவ்வொரு தாளின் தலையிலும் ஒரு பிள்ளையின் பெயர்தான் இருக்கும். வகுப்பில் தூங்குகிறான், கூடப் படிப்பவனை அடிக்கிறான், இரண்டு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை என்று கீழே எழுதியிருக்கும். பெயர் பிள்ளையுடையது என்பதற்காகச் சிக்கலும் பிள்ளைக்குள்ளேயே இருக்கிறது என்று எண்ணிவிடாதே. தத்தளிக்கும் குடும்பத்துப் பிள்ளையின் மனநலத்துக்கு உன்னைப் போன்றவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்தப் பிள்ளையை வளர்க்கிறவரின் பாரத்தைக் குறைப்பதுதான். இரக்கப்பட்டுச் சொல்கிற பேச்சு அல்ல இது. சான்றுகளைப் பார்த்துவிட்டு நீயே முடிவு செய்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஜேன் காஸ்டெல்லோவும் அவர் குழுவினரும் 1,420 பிள்ளைகளின் மனநலத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் பழங்குடிப் பிள்ளைகள். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே, அந்தப் பகுதியின் செரோக்கி பழங்குடி மக்களின் நிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி திறந்தது. அதன் இலாபத்தில் ஒரு பங்கு அந்த மக்கள் எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஏழ்மையிலிருந்து கரையேறிய வீடுகளில் பிள்ளைகளின் முரட்டுத்தனமும் அடங்காமையும் குறைந்து, என்றுமே ஏழையாக இராத பிள்ளைகளின் அளவுக்கு வந்துவிட்டதாக 2003இல் வெளியான முடிவு சொன்னது. இதற்காகப் பிள்ளைகளுக்கு யாரும் தனியாகச் சிகிச்சை கொடுக்கவில்லை. பெற்றோருக்குப் பிள்ளையைக் கவனிக்க நேரம் கிடைத்ததே முதன்மையான காரணமாகத் தெரிந்தது. அதே ஆய்வு இன்னொன்றும் காட்டியது: பதற்றமும் மனச்சோர்வும் அந்தப் பணத்தால் குறையவில்லை. அதனால் காசு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாதாடுபவர்களோடு நீ சேராதே.

பணம் தொடாத அந்த இடத்தில் வளர்க்கிறவரின் மனமும் பேசுகிறது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த தாய்மாரின் பிள்ளைகளை மிர்னா வைஸ்மன் தலைமையிலான குழு கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டது. மூன்று மாதத்தில் தாய் தேறிய வீடுகளில் பிள்ளைகளின் மனநலக் கோளாறுகள் 11 சதவீதம் குறைந்தன. தாய் தேறாத வீடுகளில் ஏறத்தாழ 8 சதவீதம் கூடின. பிள்ளை தேறியதால்தான் தாய் தேறினாளோ என்று நீ கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் மருந்து போனது தாய்க்கு என்பதை நினைவில் வை. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் இருவரின் நலமும் ஒரே கயிற்றில் முறுக்கியவை. ஒரு புரியை மட்டும் உருவிச் சரிசெய்ய முடியாது.

இதை நடைமுறையில் எப்படிச் செய்வது? கட்டட வேலைக்குப் போகும் ஒரு தாயைக் காலை பதினொரு மணிக்கு அலுவலகத்துக்கு வரச் சொன்னால், பேச்சு தொடங்கும் முன்பே அவளுடைய ஒரு நாள் கூலியைப் பறித்துவிட்டோம். வந்து உட்கார்ந்தவளிடம் "பையனை ஏன் இப்படி விட்டீங்க?" என்று கேட்டால் அவள் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுவாள், அதன்பிறகு உனக்கு ஒரு உண்மையும் கிடைக்காது. மாலையில் நீயே போய், "ராத்திரி பையன் எத்தனை மணிக்குத் தூங்குறான்? நீங்க எப்ப தூங்குவீங்க?" என்று கேட்டுப் பார். குழுக் கடன் தவணை, கணவனின் குடி, மாமியாரின் மருந்து, வாடகைப் பாக்கி எல்லாம் அந்த இரண்டாம் கேள்விக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வரும். அப்போதுதான் உன் கையில் உள்ளவற்றுக்கு வேலை. தகுதியுள்ள பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. தாய்க்கே தூக்கமும் பசியும் போய்விட்டதென்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணும், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவும் இருக்கின்றன. எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து வராதே. முதல் அழைப்பு முடியும்வரை பக்கத்தில் இரு.

"நான் படித்தது ஆலோசனை வழங்க, விண்ணப்பம் நிரப்பவா?" என்று உன் தோழர்கள் கேட்பார்கள். வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தால் ஏறாது. விண்ணப்பமும் சிகிச்சையின் பகுதிதான். "இத்தனை வீட்டுக்கும் போக ஆளில்லையே" என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதற்குப் பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் விடை இருக்கிறது. அங்கே மனநலப் பட்டம் எதுவும் இல்லாத கிராம சுகாதாரப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு அனுப்பினார் அதிஃப் ரஹ்மான். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, பயிற்சி பெற்றவர்கள் பார்த்துவந்த தாய்மாரில் 23 சதவீதத்தினரே சோர்வில் இருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 53 சதவீதம். குழந்தைகளின் எடையும் உயரமும் மாறவில்லை. ஆனால் தடுப்பூசி போட்டது கூடியது, வயிற்றுப்போக்கு குறைந்தது, பெற்றோர் குழந்தையோடு விளையாடியதும் கூடியது. அங்கன்வாடி ஊழியரும் கிராம சுகாதார செவிலியரும் ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறவர்கள். அவர்களைக் கூட்டாளியாக்கிக்கொள்.

இனி எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு: அடிக்கிற தகப்பனையும் நாம் தாங்க வேண்டுமா? தாங்குவது வேறு, மூடி மறைப்பது வேறு. பிள்ளை மீதான பாலியல் வன்முறை பற்றித் தெரியவந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். அங்கே குடும்ப மானம் பேசுவோருக்குக் காது கொடுக்காதே. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண், குழந்தைகள் நலக் குழு என்று அன்றைக்கே நட. அதே நேரம், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் சொல்கிறது. தாயும் தகப்பனும் கைவிட்டால் வேறொரு கையைத் தேடு. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தார். மிகுந்த இன்னலில் வளர்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒருவர் திடமான மனிதராக வளர்ந்தார். அப்படி வளர்ந்தவர்களின் வாழ்க்கையில், பாட்டியோ மாமனோ ஆசிரியரோ, நம்பிச் சாய ஒருவராவது இருந்தார்.

ஆகவே, நாளை முதல் தாளைக் கையில் எடுக்கும்போது, பிள்ளையின் பெயருக்குக் கீழே உன் கையால் இன்னொரு பெயரையும் எழுது: இந்தப் பிள்ளையைத் தாங்குவது யார்? அதன் பக்கத்தில், அவர் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தையும் எழுதிக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா